சொட்டுக் கணக்கு
நீரோடு காற்றைக் கலந்து வேகத்தைக் குறைக்கும் ‘ஏரேட்டர்’ என்னும் குழாய்முனை வலைமூடி, அளந்து கட்டணம் வாங்கும் ஊர்களில் போட்ட முதலைத் திருப்பித் தந்துவிடும்; மதுரையிலோ பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டரின்றி நிலையான தொகையே நெடுங்காலமாக வசூலிக்கப்பட்டு வந்ததால், மிச்சம் பிடித்த நீர் ரசீதில் ஒரு பைசாவையும் குறைத்ததில்லை. மாநகராட்சிக் குழாயில் மோட்டாரை வைத்து உறிஞ்சி மாடித்தொட்டிக்கு ஏற்றிய நீரை, அடுப்படியில் ஏரேட்டர் வழியே சிக்கனமாகச் சிந்தவிடும் வீட்டின் அறவுணர்வு தனி ஆய்வுக்குரியது. லாரித் தண்ணீர் வாங்கும் புறநகர்க்காரருக்கு மட்டும் கணக்கு உடனே புரிகிறது. அங்கே லாரியின் ஹாரனே மீட்டர். எப்படியாயினும், நீர் ஆவியாவதைத் தடுக்க 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிடப்பட்டு, காற்றடித்ததும் கரையொதுங்கிய தெர்மாகோல் அட்டைகளைவிட ஏரேட்டர் இறுக்கமாகப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.