மொட்டைமாடிச் செக்கு

ஏ பேராண்டி, ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில என்னலே தடதடன்னு சத்தம்? திருடனாக்கும்னு கம்பெடுத்துட்டு ஏறி வந்தா, நீ தண்ணித்தொட்டிய வலம் வந்துக்கிட்டு இருக்கே. கேட்டா, "இன்னும் ரெண்டாயிரம் அடி பாக்கி தாத்தா"ங்கே. யாருக்குலே பாக்கி? எவன்கிட்ட கடன் வாங்குனே?

சாயந்தரம் முக்குக்கடைக்குப் பால் வாங்கப் போனியே, எதுல போனே? பைக்குல. கடை எம்புட்டுத் தூரம்? நம்ம வாசல்ல நின்னு தும்முனா கடைக்காரன் 'நூறாயுசு'ம்பான். அங்க பெட்ரோல் ஊத்திப் போயிட்டு, அந்த நடைய இங்க வட்டியும் முதலுமா அடைக்கே. செக்குமாடு சுத்துனாலாவது நல்லெண்ணெய் கிடைக்கும். நீ சுத்தி ஒரு பால் பாக்கெட்டாவது வந்துச்சா?

நாளைக்குப் பத்தாயிரம் அடிங்குத அந்தக் கணக்கு எந்த வைத்தியரு சொன்னதுன்னு நினைக்கே? 1964-ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. சனமெல்லாம் உடம்பப் பத்திப் பேசுத நேரம். அதப் பாத்து, மறுவருசமே யமாசான்னு ஒரு ஜப்பான் கம்பெனி, இடுப்புல மாட்டி அடி எண்ணுத கருவியக் கொண்டாந்து வித்துச்சு. கருவி பேருலயே பத்தாயிரத்தச் சேத்துட்டாக. யாவாரி சொன்ன எண்ணு, இப்ப உன் கையில வேதவாக்கு. 2019-ல அமெரிக்காவுல வயசான பொம்பளைகள வச்சு எண்ணிப் பாத்தாக. நாளைக்கு 2,700 அடி நடந்தவுகளவிட 4,400 அடி நடந்தவுகள்ல சாவு கம்மி. 7,500-க்கு மேல போனா கூடுதல் லாபம் பெருசா இல்ல. கிழவிக கணக்கு உன் வயசுக்கு அப்படியே ஒட்டாதுதான். ஆனா 9,999-ல நின்னா எமன் கதவத் தட்டமாட்டான். தூங்கப் போ.

எனக்கெப்படித் தெரியும்னு முழிக்கியா? சலூன்ல வாத்தியாரு பேச்சுக் கேட்டா காலேசு தேவையில்ல. அவரு சொன்ன லண்டன் பஸ்ஸு கதையக் கேளு. ஜெர்ரி மாரிஸுன்னு ஒரு டாக்டரு. 1953-ல அந்த மாடி பஸ்ஸுக்காரங்களப் பத்தி எழுதுனாரு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அதே பஸ்ஸு, அதே ஊரு, அதே புகை. ஆனா மாரடைப்பு டிரைவருக்குத்தான் கூட வந்துச்சாம். ஏன்? அவன் நாள் பூரா உக்காந்தே கிடந்தான். கண்டக்டரு டிக்கெட்டுப் போட மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருந்தான். அவன் ஜிம்முக்குக் காசு கட்டுனானா? சம்பளம்ல வாங்குனான்!

நீ இருக்கியே, ஆபீஸ்ல முதல் மாடிக்கு லிப்டு. அதே கட்டடத்து ஜிம்முல படி ஏறுத மிஷினுக்கு மாசச் சந்தா. படியில ஏறுனா ஓசி, படி மாதிரி செஞ்சு வச்சா ரூவா. நல்லாயிருக்குலே உங்க யாவாரம்.

சரி, இங்ஙன வந்து தரையில உக்காரு. ஏன் சுவரப் பிடிக்கே? உனக்கு என்ன எழுவதா எம்பதா? கல்யாணப் பந்தியில இலை போட்டுச் சம்மணங்கூட்டித் தின்ன ஊரு இது. இப்ப நாற்காலி மேசை இல்லன்னா மாப்பிள்ளை வீட்டாருக்கு மூஞ்சி தொங்குது. பிரேசில் நாட்டுல 2012-ல அராவுஜோன்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் இதையே பரீட்சையா வச்சாக. 51-லேர்ந்து 80 வயசு வரைக்கும் ரெண்டாயிரம் பேரு. கையும் முட்டும் ஊனாம தரையில உக்காந்து எந்திரிக்கணும். ரொம்பத் தடுமாறுனவுக கூட்டத்துல, பின்வந்த வருசங்கள்ல, சாவு அஞ்சாறு மடங்கு கூட. அதுக்காக நாளைக்கு நூறு தோப்புக்கரணம் போட்டா நூறு வயசுன்னு கிளம்பிராதே. காலுல வலு இருக்கா, உடம்பு நிதானமா நிக்குதான்னு அது காட்டும், அம்புட்டுதான். நான் உக்காந்து எந்திரிச்சுக் காட்டவா? வேணாம், உனக்கு வெக்கமாப் போகும்.

திங்கிற கூத்து இன்னும் மோசம். கம்மஞ்சோறு தின்னவனப் பாத்து டவுன்காரன் சிரிச்ச காலம் எனக்குத் தெரியும். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய வருசம்னு சொன்னதும், அந்தக் கம்பு பிஸ்கோத்தாகிப் பளபளன்னு டப்பாவுல ஏறிட்டு. கம்பு நல்லதுதான்லே, யாரு இல்லன்னா? கூட ஏறியிருக்குத சீனிக்கும் வெண்ணெய்க்கும் எந்த வருசம் கொண்டாடுவே?

அப்புறம் அந்த ரோசாக்கலர் உப்பு. இமயமலை உப்பாம். அதுல முக்காவாசி பாகிஸ்தான்ல, கேவ்ரா சுரங்கத்துல வெட்டுறது. பக்கத்துல தூத்துக்குடி அளத்து உப்பு உனக்கு உறைக்கலையாக்கும்? எந்தக் கலரானாலும் உப்பு உப்புதான். நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு தேக்கரண்டிக்குள்ள நிறுத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊறுகா, அப்பளம், கருவாடு, மிச்சரு எல்லாம் அந்தக் கரண்டிக்குள்ளதான் அடங்கணும். உங்க ஆச்சிகிட்ட இதச் சொன்னா கரண்டியாலயே அடிப்பா, அது வேற விசயம்.

தூக்கத்துக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வச்சிருக்கே. எம்புட்டு நேரம் ஆழ்ந்து தூங்குனேன்னு பாக்க, ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சு போனு பாக்கே. என்னத்தச் சொல்ல!

ஆனா ஒண்ணு. "அந்தக் காலத்து ஆளுக வைரம் பாஞ்ச கட்டை, நூறு வயசு இருந்தாக"ன்னு வாட்ஸப்புல பரப்புதியே, அந்தப் பொய்ய மட்டும் என்கிட்ட விக்காதே. நான் அங்ஙன இருந்தவன். சுதந்திரம் வந்தப்ப இந்த நாட்டுல சராசரி ஆயுசு முப்பத்திரண்டு சொச்சம். பிறந்த பிள்ளைகள்ல பாதி நடக்குறதுக்கு முன்னயே மண்ணுக்குள்ள போன வீடுக உண்டு. காலராவுல தெருவே காலியாச்சு. பெரியம்மை 1975 வரைக்கும் நாட்ட விட்டுப் போகல. பிழைச்சுக் கிடந்த நாலு கிழவனைக் காட்டிப் பெருமை அடிக்கே, போனவங்களை எவன்லே எண்ணுனான்? கூழு மட்டும் எங்களக் காப்பாத்தல. ஊசி, நல்ல தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்துதான் காப்பாத்துச்சு.

அதனால என் ரத்தக்கொதிப்பு மாத்திரைய ஒளிச்சு வச்சுட்டு முருங்கை கசாயம் நீட்டுதே பாரு, அத நீயே குடி. கொதிப்பு வந்தா வலிக்காது, சொல்லிட்டும் வராது. 2021-லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு மாத்திரை வாசலுக்கே வருது. கொண்டு வாரது நம்ம ஊருப் பிள்ளைதான். புதன்கிழமை வருவா. நீயும் கைய நீட்டி ஒருக்க அளந்துட்டுப் போ. லீவு இல்லன்னு இழுக்காதே. பொண்ணு பாக்கப் போறதுன்னா மட்டும் மூணு நாளு கிடைக்குதுல்ல?