இருபத்தெட்டுப் படுக்கை, இரண்டு சிஸ்டர், ஒரு கேக்

மே 12 வந்தால் போதும், நம்மூர் கார்ப்பரேட் மருத்துவமனைகளுக்கு நர்சுகள் மீது பாசம் பொத்துக்கொண்டு வந்துவிடும். வாசலில் பலூன் வளைவு, வரவேற்பறையில் கேக். மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வருவான். நைட் டியூட்டி முடித்துக் கண் எரிய நிற்கும் பெண்களைப் பிடித்து நிறுத்தி, கையில் மெழுகுவத்தி கொடுத்து, "கொஞ்சம் சிரிங்க சிஸ்டர்" என்பான். அன்று பிறந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கு ஏந்தியவர் என்பதோடு நிர்வாகத்தின் சரித்திர அறிவு முடிந்துவிடுகிறது. அந்த அம்மாள் கணக்கெடுத்தவர். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்ததே அதிகம் என்று 1858-இல் வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் இன்று நம் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து, "இந்த வார்டில் ராத்திரி எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ்" என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தால், மூன்றாம் நாள் எச்.ஆரிலிருந்து மெமோ வரும்: நெகட்டிவ் ஆட்டிட்யூட்.

எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். பல வாய்களில் கேட்டவற்றை ஒரே கட்டடத்தில் குடிவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டடம் வளர்கிறது. வெறும் வளர்ச்சி இல்லை, அசுர வளர்ச்சி. பைபாஸ் ரோட்டில் எங்கே காலி மனை தெரிந்தாலும் அங்கே 'விரைவில்' என்று ஒரு போர்டு. துறையில் பணம் கொட்டுகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூர் டெமாசெக் மணிப்பால் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியதும், அமெரிக்க பிளாக்ஸ்டோன் கேர் மருத்துவமனைகளை வாங்கியதும் 2023 என்ற ஒரே ஆண்டில். அவர்களை இங்கே இழுப்பது குற்றம் சொல்ல அல்ல, தொழிலில் காசு இல்லை என்று யாரும் கண்ணைக் கசக்கக் கூடாதே என்பதற்காக. பங்குச்சந்தையில் இருக்கும் மருத்துவமனைகள் ஒரு படுக்கையிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தேறியது என்று காலாண்டுக்குக் காலாண்டு அறிவிக்கின்றன. 'ஆர்பாப்' என்று அதற்குச் செல்லப் பெயர். படுக்கைக்கு எவ்வளவு என்பது பைசா சுத்தமாகத் தெரிகிறது. ஒரு நர்ஸ் தலையில் எத்தனை படுக்கை என்பதுதான் ராணுவ ரகசியம்.

நம் கட்டடத்தின் தலைமைச் செயல் அதிகாரி இதற்கு முன் குளிர்பானம் விற்றவர். அதில் தவறில்லை, அங்கே பாட்டில் அழுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுன்ஹால் கூட்டம் வைப்பார். டியூட்டி இல்லாதவர்களும் வந்தே ஆக வேண்டும், வந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று திரையில் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒரு கூட்டத்தில் விவரம் தெரியாத சின்னப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், மூணாவது மாடியில சக்‌ஷன் மெஷின் ரெண்டு மாசமா ரிப்பேர்" என்றாள். "அருமையான கேள்வி, தனியா பேசுவோம்" என்றார் அதிகாரி. தனியாகத்தான் பேசினார்கள், நர்சிங் சூப்பிரண்டெண்ட் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மெஷின் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெண் இப்போது வேறு கிளையில், வீட்டிலிருந்து மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில், குடும்பத்தோடு நெருக்கமாக இருக்கிறாள்.

மூன்றாவது மாடியின் ராத்திரியைப் பாருங்கள். இருபத்தெட்டுப் படுக்கைக்கு இரண்டு சிஸ்டர். மத்திய அரசு மருத்துவமனைகளுக்குப் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த நெறி, பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது. இருபத்தெட்டை ஆறால் வகுக்க நிர்வாகவியல் பட்டம் தேவையில்லை. மணி மூன்று. ஒருத்தி ஐ.சி.யு.வுக்கு ஒரு நோயாளியை மாற்றப் போயிருக்கிறாள். இன்னொருத்தி பதினான்காம் படுக்கையில் இன்ஃப்யூஷன் பம்ப் கத்துகிறதென்று ஓடுகிறாள். ஒன்பதாம் படுக்கைப் பெரியவர் பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தானே எழுந்து பாத்ரூம் போகிறார். விழுகிறார். இடுப்பெலும்பு.

விடிந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'சம்பவத்துக்கான காரணம்' என்ற இடத்தில் டிக் அடிக்கக் கட்டங்கள் இருக்கின்றன: பணியாளர் கவனக்குறைவு, நெறிமுறை மீறல், நோயாளி ஒத்துழையாமை. 'ஆள் இல்லை' என்று ஒரு கட்டம் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவனின் மூளையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு வரவேற்பறையில் வைக்கலாம். கட்டடத்திலேயே முழுத் திறனோடு வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான்.

நட்சத்திர வேட்டை தனிக்கதை. ஒவ்வொரு நர்சும் வாரத்துக்கு இத்தனை கூகுள் ரிவ்யூ வாங்க வேண்டும், அதுவும் ஐந்து நட்சத்திரம், அதுவும் தன் பெயரோடு. அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறதென்று மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். அவனிடம் போய், "சார், ஒரு சின்ன ரிவ்யூ மட்டும் போட்டுடுங்க" என்று க்யூ.ஆர். அட்டையை நீட்ட வேண்டும். நீட்டும்போது அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை நர்சிங் ஸ்டேஷன் சுவரில் தரவரிசை ஒட்டப்படும். கடைசி மூன்று பெயர் சிவப்பில். யார் எத்தனை ஊசியை வலிக்காமல் போட்டார்கள், யார் தவறான மருந்தைக் கடைசி நொடியில் கண்டுபிடித்து நிறுத்தினார்கள் என்பதற்குச் சுவரில் இடமில்லை.

பிடித்தம் என்று வந்துவிட்டால் நிர்வாகத்தின் ஞாபகசக்தியை மெச்ச வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று காணவில்லையா, அந்த வார்டில் வேலை பார்த்தவர்களின் சம்பளத்தில் பங்கு போட்டுக் கழி. மூன்று நாள் ஐந்து நிமிடம் லேட்டா, அரை நாள் கட். ஹேண்ட்ஓவர் முடிய ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நின்றாளா, அதை மட்டும் பயோமெட்ரிக் மெஷின் மறந்துவிடும். சரி, மேலே உள்ளவர்கள் ஆசையாகத் திறந்து ஆறே மாதத்தில் மூடிய கிளைக்கு யார் சம்பளத்தில் பிடித்தார்கள்? அதற்குப் பெயர் நஷ்டம் இல்லையாம், 'கற்றல்'. ஆக்ஸிமீட்டரைத் தொலைத்தால் திருட்டு, ஆஸ்பத்திரியைத் தொலைத்தால் கற்றல்.

இவ்வளவையும் விட்டுப் போய்விடலாமே என்பீர்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட் எச்.ஆர். பீரோவில் இருக்கிறது. சேரும்போது 'வெரிஃபிகேஷன்' என்று வாங்கியது, வெரிஃபை பண்ணி முடிக்க வருஷக்கணக்காகிறது. இத்தனை வருஷம் இருப்பேன் என்று சேரும்போது எழுதி வாங்கிய பாண்ட் முடியாமல் கிளம்பினால் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிடையாது. அடமானம் வைத்தவனுக்காவது முன்பணம் என்று ஏதோ கையில் வரும்.

இதெல்லாம் புதிது என்று யாரும் நடிக்க வேண்டாம். 2012-இன் தொடக்கத்தில் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் நர்சுகள் வேலையை நிறுத்தித் தெருவில் உட்கார்ந்தார்கள். கேட்டது கௌரவமான சம்பளமும் பாண்ட் ஒழிப்பும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட, மத்திய அரசு அமைத்த குழு அதே ஆண்டு பரிந்துரையும் தந்தது. இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். நூறுக்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஐம்பதிலிருந்து நூறு வரை இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்கும் குறைவான சின்ன நர்சிங் ஹோம்கூட இருபதாயிரத்துக்குக் கீழே போகக் கூடாது. கேரளத்து நர்சுகள் விடாமல் போராடி 2018-இல் அந்த இருபதாயிரத்தை அரசாணையாகவே வாங்கிவிட்டார்கள். நம் கட்டடம் இருநூறு படுக்கையை எப்போதோ தாண்டிவிட்டது. சம்பளம் பதினைந்தாயிரம் சொச்சம், பிடித்தம் போக.

அனுபவசாலிகள் அயர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் கிளம்புகிறார்கள். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. உடனே மாநாட்டு மேடைகளில் புலம்பல்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை.

விசுவாசமா? 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, தொண்ணூறு பேரளவில் செத்தார்கள். அடித்தளத்தில் எரியும் பொருள்களைக் குவித்து வைத்தது நர்சுகள் இல்லை. கேரளத்திலிருந்து போன இளம் நர்சுகள் இருவர் புகைக்குள்ளிருந்து நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டு, திரும்பவும் உள்ளே போய்ச் செத்தார்கள். அதற்குப் பிறகும் இந்தத் தொழிலில் ஒரு பெண்ணைப் பார்த்து விசுவாசம் பற்றிப் பேச ஒருவனுக்கு நாக்கு எழுகிறதென்றால், அந்த நாக்குக்கும் ஒரு பிடித்தம் போட வேண்டும்.

வாசகரே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருநாள் அங்கே படுக்க நேரும். டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண் தயங்கித் தயங்கி க்யூ.ஆர். அட்டையை நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். ஐந்து நட்சத்திரத்தையும் அவள் பெயருக்கே போடுங்கள். அதற்குக் கீழே, அன்று ராத்திரி அவள் ஒருத்தி எத்தனை படுக்கை பார்த்தாள் என்று கேட்டு, அந்த எண்ணையும் எழுதுங்கள்.