ஐகியாவுக்கு ஒரு வெட்டுக்கூலி மனு

அனுப்புநர்: படாளம்வாசி ஒருவன், செங்கல்பட்டு மாவட்டம்.
பெறுநர்: ஐகியா அறைகலன் நிறுவன மேலிடம் (பிறப்பு ஸ்வீடன், பத்திரம் நெதர்லாந்து).
பொருள்: கூலி பாக்கி தொடர்பாக.

ஐயா,

1943இல் பதினேழு வயதுப் பையன் இங்வார் காம்ப்ராட் தொடங்கிய வியாபாரம், 2018இல் ஹைதராபாத்துக்கும் 2022இல் பெங்களூருக்கும் கடையாக வந்துவிட்டது. படாளம் கூட்டுரோட்டுக்கும் வந்து சேரும் முன் ஒரு கணக்கைப் பேசி முடித்துவிடலாம்.

1956 வாக்கில், மேசை காருக்குள் நுழையவில்லை என்று உங்கள் ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென் அதன் காலைக் கழற்றினாராம். நாங்களாக இருந்தால் ஒரு குட்டியானை பிடித்திருப்போம். நீங்கள் உலகத்தையே பிடித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து பலகையும் திருகும் அதை முடுக்கும் அலன் கீயும் உங்களுடையவை; பூட்டும் முதுகுவலி வாங்குபவனுடையது.

எங்கள் பக்கம் இந்தத் தட்டைப்பெட்டி வியாபாரம் எடுபடுமா என்று யோசித்தீர்களா? கட்டிலும் பீரோவும் சீர்வரிசையில் போகும்போது தெருவே எட்டிப் பார்க்க வேண்டும். தட்டையான அட்டைப்பெட்டி நான்கு போய் இறங்கினால், “பெண் வீட்டார் அப்பளம் அனுப்பியிருக்கிறார்களா?” என்றுதான் சம்பந்தியம்மா கேட்பார்.

வாங்குபவனையெல்லாம் ஆசாரியாக்கிய நீங்களே ஹைதராபாத்தில் ஆசாரியைத் தேடினீர்கள். பூட்டித் தர உங்கள் ஆட்கள் போதாதென்று அர்பன்கிளாப் என்ற வீட்டுவேலைச் சேவை நிறுவனத்தோடும் கை கோத்தீர்கள். அதற்குத் தனிக் கட்டணமும் வைத்தீர்கள். அங்கேதான் ஐயா மாட்டிக்கொண்டீர்கள்!

எங்களுடையது மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்பு டன்னுக்கு இவ்வளவு என்று அறிவிக்கும் விலை ஒன்று, வெட்டுக்கூலி போக விவசாயி கையில் நிற்பது வேறொன்று. எந்த விலையைக் கேட்டாலும், கூலி யார் தலையில் என்று பார்ப்பது எங்களுக்குப் பிறவிக் குணம். அந்தக் கண்ணால் பார்த்தால், பூட்டித் தர நீங்கள் வாங்கும் கட்டணம்தான், தானே பூட்டிக்கொள்பவனுக்கு நீங்கள் தரவேண்டிய கூலி.

ஆகவே கோரிக்கைகள் இரண்டு:

1. படாளத்தில் கடை திறந்தால், பூட்டும் வேலை உள்ளூர் ஆசாரிகளுக்கே. இழைப்புளி பிடித்த கைக்கு அலன் கீ பெரிய வித்தையல்ல.

2. தானே பூட்டிக்கொள்பவருக்கு, பில்லில் ‘வாடிக்கையாளர் கூலி’ என்று ஒரு வரி போட்டுக் கழிக்க வேண்டும்.

“அதைத்தான் விலையிலேயே குறைத்துவிட்டோமே” என்பீர்கள். நல்லது, எவ்வளவு குறைத்தீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். வாய்க்கணக்கு கரும்புக்காரனிடம் செல்லாது.

இப்படிக்கு,
உங்கள் சம்பளமில்லாத ஊழியனாகப் போகும் ஒருவன்.