பழந்துணிப் பிரகரணம்

அடுப்படி மேடையில் சிந்திய பாலைத் துடைப்பதற்கு உரிய சாதனம் காகிதமா, துணியா என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு அற்ப விஷயமாகத் தோன்றினும், பௌதிகம், பொருளாதாரம், குடும்ப நீதி ஆகிய மூன்று சாஸ்திரங்களின் எல்லைக்குள்ளும் கால் நீட்டிக் கிடப்பதாகையால், அதை அவசரக்காரர்கள் கையில் ஒப்படைப்பது உசிதமாகாது. காகிதச் சுருளையும் பாலிதீன் பையையும் வீட்டைவிட்டு ஒழித்து, அவ்விடத்தில் துணியை அமர்த்த வேண்டுமென்று இக்காலத்தில் பலர் சங்கற்பம் செய்துகொள்கிறார்கள். நல்ல சங்கற்பந்தான். ஆனால், செய்துகொண்ட கையோடு கடைக்குப் போய், ஓரம் தைத்துப் பூப்போட்ட புதுத் துண்டுகளை டஜன் கணக்கில் வாங்கி வந்து விடுகிறார்களே, அங்கேதான் சங்கதி கெட்டுப்போகிறது. துடைக்கும் துணி கடையில் கிடைக்காது. அது வீட்டில் விளைய வேண்டும் என்பதே இப்பிரகரணத்தின் பிரதிக்ஞை.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. புதுத் துணியால் மேடையைத் துடைத்துப் பாருங்கள்; பால் துணிக்குள் ஏறாமல், மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடிபெயரும். பருத்தி இழைக்கு இயல்பிலேயே வாய்த்த மெழுகும், நெசவின்பொருட்டுப் பாவில் ஏற்றிய கஞ்சியும் மிச்சமிருக்கும் வரையில் நீர் உள்ளே புக வழியில்லை. பல வருஷங்கள் துவைகல்லில் அடிபட்டு, இவ்விரண்டும் அறவே நீங்கி, இழை தளர்ந்த பிறகே துணிக்குத் தாகம் உண்டாகிறது.

ஆகவே பழந்துணியின் பூர்வோத்தரத்தை ஆராய்தல் அவசியம். மனிதனுக்கு ஆசிரமங்கள் நான்கு என்பர்; எட்டு முழ வேஷ்டிக்கோ அதைவிட அதிகம். கல்யாணம் கார்த்திகைக்கு மடித்து உடுத்தப்பட்டு, பின்பு வீட்டோடு உடுப்பதற்கென இறங்கி, பேரக்குழந்தைக்குத் தூளியாகத் தொங்கி, அதன்பின் கிழிபட்டு இட்லித் துணியாகவும், ஊறுகாய் ஜாடிக்கு வேடாகவும், சூடான பாத்திரத்தை இறக்கும் பிடிதுணியாகவும், ஈற்றில் கரித்துணியாகவும் அது பரிணமிக்கிறது. இவற்றினிடையே வரும் வடாம் ஊற்றும் பருவமே அதன் உச்சம் என்பது எம் துணிபு. சித்திரை வெயிலில், மொட்டை மாடியில் வேஷ்டியை நனைத்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, கூழைக் கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றிக் காயவிட்டு, பிறகு துணியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்துச் சிறிது பொறுத்தால், வடாம் வருத்தமின்றி உரிந்து கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் தாளில் ஊற்றினால் தண்ணீர் தெளிக்கும் வேலைகூட இல்லையே என்பார்க்கு, வாஸ்தவம் என்று ஒப்புக்கொள்வோம். ஆயினும் அடிப்பக்கத்து ஈரம் போக வழியின்றித் தேங்குமாகையால், ஒவ்வொன்றையும் புரட்டிப் போட ஓர் ஆள் வெயிலில் குந்தியிருக்க நேர்வதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காகிதத்தின் வமிச வரலாறு இத்தனை கௌரவமானதன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஸ்காட் கம்பெனிக்கு 1907-ஆம் ஆண்டு வாக்கில் வந்து சேர்ந்த ஒரு சரக்குக் காகிதம், கழிப்பறைக்கு ஆகாதபடி தடித்துப் போய்விடவே, அதைத் துண்டு துண்டாக்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கைத்துடைப்பானாக விற்றார்கள் என்பது வழங்கிவரும் கதை. ஒரே துண்டில் எல்லாப் பிள்ளைகளும் கை துடைத்தால் ஜலதோஷம் பரவும் என்னும் பயம் அந்த வியாபாரத்துக்குத் துணை நின்றது. பயம் நியாயமானதே. மீன் கழுவிய மேடைக்கும் குழந்தையின் வாய்க்கும் ஒரே துணி போதும் என்பவரோடு நமக்கு வாதமில்லை. அவருக்குக் காகிதமே கதி. ஏனையோர் இடத்துக்கொரு துணி வைத்து, கொதிநீரில் முக்கி வெயிலில் உலர்த்திக்கொள்வர்.

இனி, வலிய பூர்வபட்சம் ஒன்று மேல்நாட்டிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறையார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்ப விஷயத்தில் பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக வேண்டுமானால் பருத்திப் பையை 131 முறை எடுத்துச் செல்ல வேண்டுமென்றனர். டென்மார்க் தேசத்தார் 2018-இல் எல்லாவிதக் கேடுகளையும் கணக்கில் எடுத்து, 7,100 முறை என்று ஒரே போடாகப் போட்டனர். நாள் தவறாமல் கடைக்குப் போகிறவனுக்கும் இது 19 வருஷத்துக்கு மேற்பட்ட விரதம். இக்கணக்கைக் கண்டு நம் கட்சியார் கலங்கவேண்டியதில்லை. பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து, சாயமேற்றிய பாவமெல்லாம் புதுத் துணியின் தலையில் எழுதப்படுவது. வேஷ்டியோ அந்தப் பாவத்தை இடுப்பிலிருந்த காலத்திலேயே கழித்துவிட்டு, கடனற்ற நிலையில் அடுப்படிக்குள் பிரவேசிக்கிறது. எனவே டென்மார்க்காரர் நம்மை மறுக்கவந்து, நம் பிரதிக்ஞைக்கே சாட்சி சொல்லிப் போனார் என்று கொள்க. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டு, 2021 டிசம்பரில் மஞ்சப்பைக்கு அரசாங்கமே புனர்ஜன்மம் அளித்தபோதும் இதே நியாயம் செல்லும்: கல்யாண வீட்டுத் தேங்காயோடு வந்து கதவுக்குப் பின்னால் தொங்கும் பை சாலச் சிறந்தது, அதை விட்டுப் புதிதாக வாங்கியது மத்திமம்.

நடைமுறையில் உள்ள இடர் வேறு. பாலியெஸ்டர் சேலையும் டெரிகாட்டன் சட்டையும் பீரோவை நிரப்பிய வீட்டில் பழந்துணிக்கே பஞ்சம் வந்துவிட்டது. அவை எத்தனை வயதானாலும் தண்ணீரைக் கிட்டச் சேர்ப்பதில்லை; பிடிதுணியாக வைத்தாலோ சூடு தாங்காமல் உருகி வாணலியோடு ஐக்கியமாகின்றன. எஞ்சிய பருத்தியையும் தெருவில் கூவிவரும் பாத்திரக்காரர் ஒரு டப்பாவைக் காட்டி மூட்டையாக வாங்கிப் போய்விடுகிறார்.

கடைசியாக, வேஷ்டி எந்தக் கணத்தில் பழந்துணி ஆகிறது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரி யார் என்பதில் பட்சபேதம் உண்டு. உடுத்துகிறவர், ஓட்டை விழுந்தாலும் மடித்துக் கட்டினால் தெரியாது என்பர். துவைக்கிறவர், வெளிச்சத்தில் பிடித்தால் எதிர்வீடு தெரிகிறது என்பர். வழக்கில் துவைக்கிறவர் கட்சியே ஜயிக்கிறது. உடுத்துகிறவருக்கு மேல்முறையீடு செய்யும் பாத்தியதை உண்டெனினும், கொடியில் தேடி, பீரோவில் தேடி, விசாரிப்பதற்காக அவர் அடுப்படி வாசலுக்கு வந்து நிற்கும்போது, வழக்குச் சொத்து நான்காகக் கிழிந்து, அதில் ஒன்று ஏற்கெனவே ஈரமாகவும் இருக்கிறது.