பெருக்கல் மட்டும் அறிந்தவர்

தேசூரில் ஆரணிப் பட்டு நெய்யும் ஒருவரின் தறி இரண்டு நாள் ஓசையின்றிக் கிடந்தால், அவ்வீட்டுத் திண்ணைக்கு முதலில் வந்து சேர்பவர் பாவு கொடுக்கும் முதலாளியோ கடன் கொடுத்தவரோ அல்லர். குறைந்த முதலீட்டுத் தொழில்களின் யோசனையாளரே. நாட்டுக்கோழி, காளான், செக்கெண்ணெய், கைபேசி வழி வியாபாரம் என எதையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம் என்று மெய்ப்பிக்கும் ஆற்றல் உடைய இவர், இவற்றுள் ஒன்றையேனும் தாம் தொடங்கியதில்லையாதலால், இத்துறையில் நட்டமே காணாதவராகவும் விளங்குகிறார்.

இவருடைய முறை பெருக்கலை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அதற்குரிய ஏடு, கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப்புறம். பத்துப் பெட்டைக்கோழிகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 60 முட்டை, ஆக 600. அத்தனையும் பொரித்து அவற்றுள் பாதி பெட்டை எனக் கொண்டால் 300. அவை அடுத்த ஆண்டில் இடுபவை 18,000. அவற்றிலிருந்து 9,000 பெட்டைகள். அவை இடுபவை 5,40,000. "பத்தே பத்து கோழிண்ணா, மீதியை அதுங்களே பார்த்துக்கும்" என்று கூறிப் பேனாவை மூடுகிறார்.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் நாட்டுக்கோழி அடைகாக்கும் காலத்தில் முட்டையிடாது என்பதும், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் சில நாள்களில் கொட்டகையையே காலிசெய்துவிடும் என்பதும், கீரிக்கும் பசி உண்டு என்பதும் கழித்தலைச் சேர்ந்த செய்திகள். கழித்தலை அவர் அபசகுனமாகக் கருதுகிறார். பெட்டைகளோடு பிறந்த 9,000 சேவல்களும் தீனி தின்னுமே என்று நெசவாளர் நினைவூட்டினால், அவற்றைத் தீபாவளிக்கு விற்றுவிடலாம் என்று கூறி, பேனாவைத் திறந்து அதையும் பெருக்குகிறார்.

இதே கணக்கை அச்சிட்டு, நடிகர்களைக் கொண்டு விளம்பரமும் செய்தவர்கள் உண்டு. பெருந்துறையின் சுசி ஈமு நிறுவனம், ஆஸ்திரேலியப் பறவையான ஈமுவின் குஞ்சுகளை முன்பணத்துக்குக் கொடுத்து, வளர்ப்பவருக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவதாக உறுதியளித்து, 2012இல் நொடித்தபோது, கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசே தீனி போட வேண்டியதாயிற்று. அதை எடுத்துக்காட்டினால் யோசனையாளர் சற்றும் கலங்குவதில்லை. ஈமுவும் சரி, கணக்கும் சரி, நடத்திய ஆள்தான் சரியில்லை என்பது அவர் தீர்ப்பு.

காளானிலும் இதே பெருக்கல்தான். சித்திரை வெயிலில் சிப்பிக்காளான் தாங்காது என்றால், வெப்பம் தாங்கும் பால்காளான் இரகமான ஏ.பி.கே. 2ஐத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இலேயே வெளியிட்டுவிட்டதைச் சொல்லி வாயடைக்கிறார். உண்மையில் அவருடைய தகவல்கள் பெரும்பாலும் சரியானவை. வந்தவாசிக் கோரைப்பாயை இணையத்தில் விற்க விரும்பும் சிறு வியாபாரி, விற்பனை வரம்புக்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் சரக்கு சேவை வரிப் பதிவின்றியே மாநிலத்துக்குள் விற்கலாம் என்பதை ஊரில் பலருக்கு எடுத்துரைத்தவர் அவரே. மாவட்டத் தொழில் மையத்துக்குத் தம் செலவில் பேருந்தேறி உடன் செல்வதும், விண்ணப்பத்தை அழகிய கையெழுத்தில் நிரப்பித் தருவதும் அவரன்றி வேறெவரும் செய்யாத உதவிகள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் தம் பங்காகத் திட்டச் செலவில் 5 விழுக்காடு போட்டால் போதும் என்பதை மனப்பாடமாகச் சொல்வார். அந்த 5 விழுக்காட்டை எங்கே புரட்டுவது என்பதற்கு மட்டும் விண்ணப்பத்தில் இடமில்லை.

பொறுக்க முடியாதது வேறொன்று. பட்டு நெய்யும் வீட்டில் ஒவ்வொரு கைக்கும் விலை உண்டு: நூல் சுற்றுபவருக்கு இவ்வளவு, தீர்ந்த பாவின் நுனியில் புதுப்பாவை இழை இழையாகப் பிணைப்பவருக்கு இவ்வளவு, நெய்பவருக்கு இவ்வளவு என்று கூலி போட்ட பிறகே புடவையின் கணக்கு முடிகிறது. அக்கூலி போதாது என்பது உண்மைதான். ஆயினும் அது எழுதப்படுகிறது. யோசனையாளரின் பத்திரிகையிலோ, வைக்கோலை ஊறவைத்து வேகவைத்துப் பையில் அடைப்பவளுக்கும், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குபவளுக்கும், வாங்கியவர் வேண்டாமெனத் திருப்பியனுப்பிய பார்சலைப் பிரித்து மறுபடியும் கட்டுபவளுக்கும் கூலி சுழியம். "வீட்டுல சும்மாதானே இருக்காங்க" என்பது அவர் தரும் விளக்கம். காளான் பை பச்சைப் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போன வாரத்திலும் மகளிர் குழுக் கடனின் தவணை நாள் வந்துவிடுகிறது. அதைக் கட்டுபவளும் அவளே. அந்த வாரம் யோசனையாளர் அடுத்த தெருவில் முருங்கையிலைப் பொடிக்குக் கிலோவைக் கிராமாக்கி, கிராமை ரூபாயாக்கிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.