பில்கோள் படலம்: சீத்தா கேம்ப் ஓட்டல்களில் கணக்குத் தீர்க்கும் மரபு பற்றிய ஆராய்ச்சி

எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது பற்றி நம் முன்னோர் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பதுவரை ஆசாரக்கோவை சொல்கிறது. சாப்பிட்டு முடித்தபின் சோம்புக் கிண்ணத்தோடு வந்து மேசையில் உட்காரும் துண்டுச் சீட்டை யார் எடுப்பது என்பது பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நூலாசிரியர் பெருவாயின் முள்ளியார் நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போனதே இல்லை என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அல்லது போனார், பில் வந்த நேரத்தில் கை கழுவப் போய்விட்டார்.

இக்குறையைத் தீர்க்க ஆய்வுக்களமாகத் தேர்ந்துகொண்டது மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே பக்கம் இருக்கும் சீத்தா கேம்ப். தேர்வுக்குக் காரணம் உண்டு. இங்கே பலருக்குப் பலரை இரண்டு மூன்று தலைமுறையாகத் தெரியும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976 மே மாதம், அவசரநிலைக் காலத்தில், இடித்துத் தள்ளி, அங்கிருந்த ஏறத்தாழ 70,000 பேரைச் சதுப்பாகக் கிடந்த இந்த இடத்துக்கு மாற்றினார்கள். வீடு போனது. பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லை, அவரும் கூடவே வந்து சேர்ந்தார். இப்படிப்பட்ட ஊரில் வாப்பா காலத்தில் குடித்துவிட்டுக் காசு தராமல் போன கட்டிங் சாய், மகனின் நிச்சயதார்த்தம்வரை உயிரோடு இருக்கும். பில் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஆவணக் காப்பகம் கிடைக்காது.

அந்த ஜனதா காலனியை ஒன்றுதிரட்டியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000-இல், மகசேசே விருது பெற்றவர். காலனிக் குப்பையை அள்ள ஆள் வராதபோது, பிக்னிக் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை. ஆய்வாளர் நோக்கில், ‘ஆளுக்குக் கொஞ்சம்’ என்னும் கோட்பாடு மும்பைத் தமிழரிடையே பிசிறில்லாமல் செயல்பட்டதற்கு இதுவே தலையாய சான்று. குப்பையில் நடந்தது, பிரியாணியில் இன்றுவரை நடக்கவில்லை.

ஆய்வு முறை: உடனிருந்து உண்ணல். குறிப்பேடு எடுத்துப் போனால் சர்வர் நம்மை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்துவிடுவார் என்பதால் எல்லாம் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நோன்பு மாதத்துப் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பில் கிடையாது. எனவே அது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது.

முதலில் மூலபாடச் சிக்கல் ஒன்றைத் தீர்த்தாக வேண்டும். இங்குள்ள சிறிய ஓட்டல்கள் பலவற்றில் பில் என்ற எழுத்துப் பிரதியே இல்லை. முழுக்க வாய்மொழி மரபு. நாம் எழுந்ததும் சர்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, ‘சார் பரோட்டா, தோ ஹாஃப் சுக்கா, ஏக் பாயா, தீன் சாய்’ என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார். புதிதாக ஊரிலிருந்து வந்தவர் தன்னைத்தான் மரியாதையாக ‘சார்’ என்கிறார் என்று பூரிப்பது வழக்கம். அது நாலு பரோட்டா. பிறகு கல்லாவைப் பார்த்துத் தொகையை உரக்கக் கூவுகிறார்: ‘தீன் சௌ தீஸ், நீலா ஷர்ட்!’ இந்த இரண்டாம் பகுதிதான் ஆராய்ச்சிக்குரியது. மேசையில் ஐந்து பேர் இருக்க, நீலச் சட்டையை ஏன் சொன்னார்? நீலச் சட்டை ஒன்றும் ‘நான் தருகிறேன்’ என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டல் முழுக்கக் காதில் விழுந்தபின் அவரால் வாய் திறக்க முடியாது. யாரிடம் பணம் இருக்கிறது, யார் கொடுக்கும் ஜாதி, யார் சிரித்துக்கொண்டே நழுவும் ஜாதி என்பதைத் தண்ணீர் வைக்கும்போதே சர்வர் கணித்துவிடுகிறார். பல்கலைக்கழகங்களில் இந்தக் கணிப்புக்குத் தனித்துறை வைத்திருக்கிறார்கள். முடிவு வர மூன்று வருஷம் ஆகிறது. மாதத்தின் கடைசி வாரத்தில் சீத்தா கேம்ப் இளைஞர்கள் ஏன் ஒரே நிறத்தில், பெரும்பாலும் கறுப்பில், டி-ஷர்ட் போட்டு வருகிறார்கள் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

இனி இலக்கணம். பில்லை எடுக்கப் பாய்வதும் பிறர் அதைப் பறிப்பதும் புறத்திணைக்குள் அடங்கும் என்பது இவ்வாய்வாளர் துணிபு. ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையைத் தனித்திணையாக்காமல் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலைதான் அதைப் பிரித்துத் தனிப் படலமாக வைத்தது. சீத்தா கேம்ப் தரவு தொல்காப்பியர் பக்கம் நிற்கிறது. எடுப்பவனும் மீட்பவனும் இங்கே ஒரே ஆள்தான்: ‘விடு மாப்ள, நான் தர்றேன்’ என்று பாய்ந்து எடுக்கிறான், ‘நீதான் போன தடவ குடுத்தியே’ என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு நொடி பார்க்கிறான், சொன்னவுடன் கொடுத்துவிடுகிறான். சொல்லாவிட்டால் வருவதுதான் உண்மையான போர்.

துறைகளும் பொருந்துகின்றன. விரிச்சி என்பது கிளம்புமுன் நற்சொல் கேட்பது. இக்காலத்தில் போனில் கேட்கப்படுகிறது, ‘பகார் (சம்பளம்) வந்துருச்சாடா?’ என்று. வேய் என்னும் ஒற்றறிதல், யார் ஓவர்டைம் பார்த்தான், யார் மாமா கல்ஃப்பிலிருந்து வந்திருக்கிறார் என்று விசாரிப்பது. கல்ஃப்பிலிருந்து லீவில் வந்தவரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அவர் இருக்கும் மேசையில் போரே நிகழாது, அவரே பாடாண்திணை. பாடுவதும் அவருடைய செண்ட்டைப் புகழ்வதும்தான் மற்றவர் வேலை. லீவின் கடைசி வாரத்தில் மட்டும் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவது பாவம். அப்போது அவரிடம் டிக்கெட் தவிர ஒன்றும் இருக்காது.

ஒரே ஒரு முரண். வெட்சிப் படலத்தில் ஆநிரையைக் கவர்ந்து, ஊர் சேர்த்து, பாதீடு என்னும் பங்கு பிரிப்பை முடித்து, பிறகுதான் உண்டாட்டு. இங்கே உண்டாட்டு முந்திவிடுகிறது. வயிறு நிறைந்த வீரனுக்குப் போர்க்குணம் குறையும் என்பது ஓட்டல்காரருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தொல் மரபைப் பிழையின்றிக் காக்கும் இடம் மும்பையில் உண்டென்றால் அது மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே மாடியில் இருக்கும் ராமா நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இல் தொடங்கிய உடுப்பி சாப்பாட்டுக்கூடம். அங்கே முன்னதாகக் காசு கட்டிக் கூப்பன் வாங்க வேண்டும். போர் பசியோடு, வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உள்ளே வாழையிலை முன்னால் எல்லோரும் சமாதானமாக உட்காருகிறார்கள். செம்பூர்க்காரர்கள் இதை நாகரிகம் என்பார்கள். பசியில் எடுத்த முடிவை நாகரிகம் என்று ஏற்பதற்கில்லை.

நொச்சி, அதாவது தன் கோட்டையைக் காத்தல், தனி நூலுக்குரியது. சட்டைப்பையே கோட்டை. காக்கும் உத்திகளில் போன் வந்ததுபோல் வெளியே போவது பழசு. கடைநிலை வீரனே செய்வான். தேர்ந்தவன் கை கழுவுகிறான். வாஷ்பேசின் மேல் பழைய தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து தொங்கும். மூடியில் ஆணியால் ஓட்டை. உள்ளே நாலு பங்கு தண்ணீரும் ஒரு பங்கு சோப்பும். அதை அழுத்தி அழுத்தி, விரல் இடுக்கு, நகக்கண், மோதிரத்தின் அடிப்பக்கம் என்று அவன் கழுவும் நிதானத்தில் ஆபரேஷனுக்குப் போகும் டாக்டரும் கழுவ மாட்டார். இதை முறியடிக்கப் பழைய ஓட்டல் முதலாளிகள் கண்ட வழி, பேசினைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைப்பது. நிமிர்ந்தால் முதலாளி முகம். ‘க்யா பாய், டீக் தா?’ என்று அவர் கேட்டுவிட்டால் கோட்டை வீழ்ந்தது.

உணவுவகை இப்போரைத் தீர்மானிக்கிறது. பரோட்டாவை எண்ணலாம், எனவே சண்டை சிறிது. சீக் கபாபையும் எண்ணலாம். ஆனால் டிரிபிள் ஷெஸ்வான் எண்ணிக்கைக்கு அடங்காது. நெல்சன் வாங் 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் மஞ்சூரியனுக்குச் சீத்தா கேம்ப்பைவிட ஒரு வயது கூட. அந்த வம்சத்தின் இளைய வாரிசு இந்த டிரிபிள்: ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கிரேவி மூன்றும் ஒன்றாக, உச்சியில் ஒரே ஒரு முட்டை. வாங்குவது நாலு பேர். முட்டையை யாரும் தொட மாட்டார்கள். சுற்றிலும் மேடு கரையக் கரைய முட்டை மெல்ல இறங்கி வரும். எவன் பக்கம் சரிகிறதோ அவன் ‘யாருக்கும் வேணாமா?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். முட்டை தின்றவன் பில்லில் கூடுதலாகத் தர வேண்டுமா? இக்கேள்வி எழுப்பப்பட்ட மேசைகளில் நட்பு பிழைத்ததாகச் சான்று இல்லை.

பிறநாட்டு அறிஞர்களும் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். உரி நீஸி, எர்னான் ஹாருவி, ஹதாஸ் யாஃபே ஆகிய மூவரின் கட்டுரை 2004-இல் தி எகனாமிக் ஜர்னல் இதழில் வெளிவந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மாணவர்களை ஆறாறு பேராக ஓட்டலில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது ஆளுக்குச் சராசரியாக 37 ஷெக்கெலுக்குச் சாப்பிட்டார்கள். மொத்தத்தைச் சமமாகப் பிரிப்பது என்றபோது 51. முழுக்க ஓசி என்றபோது 82. அடுத்தவன் காசு சேர்ந்தால் பசி கூடும் என்பது முடிவு. இதற்கு ஹைஃபாவரை போயிருக்க வேண்டாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சோதனையில் அடிப்படைக் குறை ஒன்று உண்டு: அந்த மாணவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சாப்பிட்டார்கள், போனார்கள், மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க வேண்டியதில்லை. சீத்தா கேம்ப்பில் கான்ட்ரி போட்டு, அதாவது ஆளுக்குச் சமமாகக் காசு போட்டு, சாப்பிடும்போது ஒருவன் தனியாக மட்டன் சுக்கா ஆர்டர் செய்தால், ராத்திரிக்குள் அது அவன் அம்மா காதுக்குப் போய்விடும். சமப்பங்கில் அதிகம் தின்பது இங்கே திறமையல்ல, குடும்ப மானம்.

சமப்பங்குக்கு நேரெதிர், மராத்தியர் தந்த டிடிஎம்எம்: துஜ தூ, மாஜ மீ, உன்னுடையதை நீ கட்டு, என்னுடையதை நான். ஐடி கம்பெனியில் சேர்ந்த பிள்ளைகள் வாஷிப் பக்கம் சாப்பிடப் போய் இதைப் பழகிக்கொண்டு வந்தார்கள். பெரிய ஓட்டல் என்றால் வரியையும் பிரிக்க வேண்டும். 2017 நவம்பரிலிருந்து ஓட்டல் சாப்பாட்டுக்கு ஐந்து சதவீதம்; பாதி டெல்லிக்கு, பாதி மகாராஷ்டிர அரசுக்கு. ஒரு கவளமும் தொடாமல் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்த விஷயம் கடைசியில்தான் தெரியவரும்.

எல்லாவற்றையும் குழப்பியது ஜிபே. அதற்கு முன்னால் கணக்கு ஒருபோதும் முழுதாகத் தீர்ந்ததில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இருக்காது. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பான் ஒருவன். அந்த ‘அப்புறம்’தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பது எல்லோருக்கும் உத்தேசமாகத் தெரியும், யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். ஏலமும் கமிஷனும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்த சீட்டு அது. கொடுத்ததற்கு உடனே ஈடு செய்துவிட்டால் உறவுக்கு அங்கே வேலையில்லை என்ற பொருள்பட மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் 1925-ஆம் ஆண்டு ஆய்வை மானுடவியலில் படிக்கிறார்கள். நம் ஆட்கள் படிக்காமலே கடனை நிலுவையில் வைத்துக் காத்தார்கள். இப்போது பேசினுக்குப் போனவன் திரும்பி வருமுன் போனில் அவன் பங்கு பைசா சுத்தமாக வந்து விழுகிறது. போதாததற்குக் கல்லா மேலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தொகையை இந்தியில் அறிவிக்கிறது. சர்வர் செய்துவந்த வேலை அது. ஆனால் பெட்டிக்குச் சட்டை நிறம் தெரியாது.

எதிர்வினை தொடங்கிவிட்டதற்கான தடயம் ஒன்றோடு இக்கட்டுரையை நிறுத்திக்கொள்ளலாம். கல்யாணம் ஆகி பன்வேல் பக்கம் ஃபிளாட் வாங்கிப் போன ஒரு நண்பர், சாப்பிட்டு எழுந்து ஆட்டோ ஏறுமுன் தன் பங்கு 187 ரூபாயை அனுப்பிவிட்டு, கீழே கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தார். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏசி மெக்கானிக் நண்பர் தன் போனை எடுத்து அவருக்கு 200 ரூபாய் திருப்பி அனுப்பினார். பன்வேலிலிருந்து உடனே போன்: ‘எதுக்குடா? இப்ப நான்தான் பதிமூணு ரூபா தரணும்.’

‘ஆமா. கேஷா வேணும். ஞாயித்துக்கிழம கொண்டா. ஜிபே இங்க ஓடல.’