குழல் பார்சல்காரர்

முக்கால் மீட்டர் நீளமுள்ள அட்டைக் குழல் ஒன்றைக் கூரியர் பையனிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, கையெழுத்துப் போடும்போதும் கீழே வைக்க மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற ஒருவர் இப்போது பல அடுக்குமாடி வளாகங்களில் இருக்கிறார். டோக்கியோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஓவிய அச்சுப்படம் வரவழைத்துச் சட்டம் போட்டு மாட்டுவது அவர் வேலை. சம்பளம் தரும் வேலை வேறு. நேற்று வந்த படம் என்ன என்று கேட்டால், "300 ஜிஎஸ்எம், சுத்தப் பருத்தித் தாள்" என்பார். அடுத்து மை எத்தனை வருஷம் வெளிறாது என்பார். அதற்கடுத்து, அந்தத் தாளைச் செய்யும் ஜெர்மன் ஆலை 1584இல் தொடங்கியது என்பார். படத்தில் இருப்பது மலையா மாதா கோயிலா என்ற தகவல், கேட்டவர் காபியை முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் வரும். இவரை வீட்டார் கிறுக்கு என்கிறார்கள். நண்பர்கள் பந்தா என்கிறார்கள். தூரிகை பிடிக்கிறவர்கள், நகல் வாங்கிக் காசைக் கரைக்கிறவர் என்கிறார்கள். என் கட்சி வேறு. அச்சுப்படம் என்கிற சரக்குக்கு ஒரு விசித்திரமான ஜாதகம் உண்டு: பிறந்த ஊரில் அதை யாரும் மதிப்பதில்லை, கடலைத் தாண்டிய பிறகுதான் அது கலை என்று பெயரெடுக்கும். தாண்ட வைக்க யாராவது ஒரு கிறுக்கர் வேண்டும். நம் குழல் பார்சல்காரர் அந்தப் பரம்பரையில் வந்தவர்.

இவர் வீட்டுக் கூடத்தில் பெரும்பாலும் முதலில் ஏறுவது ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை. சுமார் 1831இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். ஏறக்குறைய 26 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். ஆளை விழுங்கவரும் அந்த அலை உண்மையில் ஒரு பள்ளிக்கூட வரைபடத் தாளைவிடப் பெரியதல்ல. அது வந்த காலத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துக் கடைகளில் இம்மாதிரிப் படங்கள் அடுக்கிக் கிடந்தன. 1842இல் ஒரு தாளுக்கு அரசு நிர்ணயித்த விலை 16 மோன்; சோபா நூடுல்ஸ் இரண்டு பங்கு வாங்குகிற காசு. கட்டை தேயத் தேய 8,000 பிரதிவரை அடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வாங்கியவர்கள் சுவரில் ஒட்டினார்கள், கிழிந்ததும் எறிந்தார்கள். மிஞ்சியவை மிகச் சில. அப்படி மிஞ்சிய ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நடுவில் அந்தத் தாளுக்கு யாரும் ஒரு கோடுகூடச் சேர்த்து வரைந்துவிடவில்லை. அது கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே சிலர் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள். பீங்கான் சாமான் உடையாமலிருக்கச் சுற்றிவந்த தாளில்தான் பாரிஸ்காரர் ஒருவர் ஹொக்குசாயை முதலில் கண்டெடுத்தார் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. நடந்ததோ இல்லையோ, கதை பொருத்தமானது. அன்றைக்குப் பீங்கானுக்குப் படம் உறை. இன்றைக்கு நம்மவர் வாங்கும் படத்துக்கு மேலே பட்டுத்தாள், அதற்கு மேலே குமிழி உறை, அதற்கும் மேலே குழல்.

இந்தக் கிறுக்கர் பரம்பரையின் குலமுதல்வர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் வின்சென்ட் வான்கா. 1886-87 குளிர்காலத்தில் பாரிஸில் பிங் என்ற வியாபாரியின் கடையில் குவிந்துகிடந்த ஜப்பானியப் படங்களை அவர் நூற்றுக்கணக்கில் வாங்கினார். அப்போது அவர் சாப்பாடும் வாடகையும் தம்பி தியோவின் செலவு. லாபத்துக்கு விற்றுவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டு, 1887இல் தாம்பூரின் என்ற காபிக் கடையில் காட்சிக்கும் வைத்தார். வியாபாரம் படுத்துவிட்டது. மூட்டை வீட்டிலேயே தங்கியது. சட்டம் போடக் காசில்லாததால் சுவரில் ஊசியால் குத்தி வைத்திருந்தார். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய தொகுப்பில் மூலைகளில் அந்த ஓட்டைகள் இன்றும் தெரிகின்றன. சட்ட ஆசை மட்டும் போகவில்லை. ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் மழைப் பாலத்தையும் பிளம் தோட்டத்தையும் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தபோது, சுற்றிலும் சட்டம்போல ஓரம் கட்டி, அதில் வேறு படங்களில் கண்ட ஜப்பானிய எழுத்துகளை ஒன்றும் புரியாமலே எழுதி நிரப்பினார். தமிழ்நாட்டில் இன்று ஜப்பானிய முத்திரையைத் தலைகீழாக மாட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. தூரிகையைக் கையில் எடுக்கும் முன்பே கூப்பீல் நிறுவனத்தின் ஹேக் நகரக் கடையில் 1869 முதல் படப்பிரதிகளை விற்றுப் பழகியவர் அவர். வாங்குகிறவர் கிறுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும்.

ஆனால் நகல் நகல்தானே என்பார்கள். இந்த ஆட்சேபத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். பேரலைக்கு அசல் ஓவியம் என்று ஒன்று கிடையாது. கட்டையில் ஒட்டிச் செதுக்கும்போதே ஓவியர் வரைந்த தாள் அழிந்துவிடும். மிஞ்சுவது பிரதிகள் மட்டும். இன்றும் டோக்கியோவில் கைவினைஞர்கள் செர்ரி மரத்தில் புதிதாகச் செதுக்கி, கையால் தேய்த்து அச்சிடுகிறார்கள். அதை வாங்குகிறவரை நகல் வாங்கினார் என்று ஏசுவது நியாயமில்லை. ஓவியர் கிளிம்டின் "முத்தம்" படத்தின் கதை அப்படியல்ல. வியன்னாவில் இருக்கும் அசல் 180 செ.மீ.க்கு 180 செ.மீ. சரிசதுரம். சந்தையில் கிடைக்கும் சட்டங்கள் நீள்சதுரம் என்பதால், பல அச்சுகளில் படத்தின் இரு பக்கத்தையும் வெட்டி நடுவை மட்டும் விற்கிறார்கள். கிளிம்ட் ஒட்டிய தங்கத் தகடு அச்சில் கடுகு நிறமாக வருகிறது. அங்கே ஏமாந்தது நம்மவர்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது எண். ஓரத்தில் பென்சிலால் 17/250 என்று எழுதியிருந்தால் அவருக்கு அன்று இரவு தூக்கம் நன்றாக வரும். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட காலத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது: தகடு தேயும், முதலில் அடித்த பிரதிகள் கூர்மையாக இருக்கும், பின்னால் வருபவை மழுங்கும். மை தெளிக்கும் இன்றைய கணினி அச்சில் தேய்வதற்கு எதுவும் இல்லை. பதினேழாவதும் ஏழாயிரமாவதும் ஒன்றேதான். அந்த எண் விற்கிறவர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் விரதம், அவ்வளவே. கையெழுத்தை நம்பலாமா என்றால், 1974இல் பிரான்ஸ்-அந்தோரா எல்லையில் சுங்கக்காரர்கள் ஒரு லாரியை மடக்கிய செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே 40,000 தாள்கள். எல்லாவற்றிலும் சால்வடோர் டாலியின் கையெழுத்து இருந்தது. படம் ஒன்றிலும் இல்லை.

இவருடைய உண்மையான சோதனை சட்டம் போடும் கடையில்தான் நடக்கிறது. மாடவீதிப் பக்கம் முப்பது வருஷமாக முருகனுக்கும் மணமக்களுக்கும் இறந்துபோன பெரியவர்களுக்கும் கண்ணாடி போட்டுவரும் கடைக்காரரிடம் இவர் போய் நிற்பார். குழலிலிருந்து படத்தை உருவி எடுக்க வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வதைப் பார்த்ததுமே கடைப்பையன்கள் கூடிவிடுவார்கள். கடைக்காரர் படத்தை ஒருமுறை பார்ப்பார், அளவுகோலை ஒருமுறை பார்ப்பார். "சார், சுத்தி இவ்ளோ வெள்ளையா விட்டிருக்கான். வெட்டிட்டா சின்ன சைஸ்ல அடங்கிடும், கண்ணாடிக் காசு மிச்சம்." "ஐயோ அண்ணே, வெட்டிடாதீங்க. அந்த வெள்ளைக்குத்தான் காசே." கடைக்காரர் முகத்தில் அப்போது தோன்றுவது ஏளனம் இல்லை, பரிதாபம். எண்ணும் கையெழுத்தும் அந்த வெள்ளை ஓரத்தில் இருக்கின்றன. அது போனால் மறுவிலை பாதியாகும். அமிலமில்லாத மவுண்ட் அட்டை, புற ஊதா தடுக்கும் கண்ணாடி, படம் கண்ணாடியில் ஒட்டாதிருக்க நடுவில் இடைவெளி என்று இவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பின்னால் பிளைவுட் வைத்து ஃபெவிகாலால் ஒட்டிவிட்டால் நூறு வருஷம் ஆடாது என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வது சத்தியம். ஆடாது, பிறகு பிரியவும் பிரியாது. அதுதான் ஆபத்து. இந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அருங்காட்சியகங்களில் தாளைப் பாதுகாக்கிறவர்கள் படத்தின் மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுச் சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுகிறார்கள். தண்ணீர் காட்டினால் பிரிந்துவிடும். நம்மவர் அந்தப் பசைத்தூளையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார். கடைக்காரரின் பெஞ்சுக்கடியில் மைதாப் பசை ஒரு டப்பா கொதித்து ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, மைதாவில் இருக்கும் பசையப் புரதத்துக்கு ராமபாணப் பூச்சி விருந்துக்கு வரும். ஆனாலும் இருவரும் ஒரே தானியத்துக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். இறுதியில் படத்தின் விலையைப்போல இரண்டு மடங்கு சட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வெளியே வருவார். இது ஊதாரித்தனமா? சென்னை ஈரக்காற்றில் தாள் நெளிவதையும் பூஞ்சை பூப்பதையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தாளைக் காப்பது சட்டம்; சுவருக்கு அலங்காரமாவது அதற்குப் பிறகுதான்.

குழல் வந்துசேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். ஒரு கடலலைக்கு ஆதார் நகல் கேட்பார்கள். பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லித் தப்பிய காலமும் போய்விட்டது. 5,000 ரூபாய்வரை பரிசுப் பொருளுக்கு இருந்த சுங்கச் சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். வந்த பிறகும் எல்லாம் சுவருக்குப் போவதில்லை. வாடகை வீடென்றால் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் விதி. முப்பத்தாறு காட்சிகள் என்று பெயரிட்டு ஹொக்குசாய் வெளியிட்ட வரிசையில் மொத்தம் 46 படங்கள் இருப்பதால், தொகுப்பை முழுமையாக்க நினைத்தவர் வீட்டுப் பரணில் குழல்கள் சேர்ந்துகொண்டே போகும். மாட்டிய ஒன்றிரண்டையும் சரியாகப் பார்க்க முடியாது. தாள் ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்று அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவை இவர் படித்துவிட்டார். திரை இழுத்துவிட்ட கூடத்தில் விருந்தாளியின் கையைப் பிடித்து அழைத்துப்போய், "இங்கதான் இருக்கு" என்பார். "எந்த சாமிங்க?" என்பார் விருந்தாளி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று பாக்கியிருக்கிறது: உள்ளூர்ச் சரக்கு இளப்பம், வெளியூர்ச் சரக்கு உசத்தி என்கிற அடிமைப் புத்தி இது என்பது. பாதி உண்மை. சமையலறையில் அம்மா மாட்டிய சிவகாசி காலண்டரை இவர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தக் காலண்டர் முருகனைக் கோவில்பட்டியிலிருந்த கொண்டையராஜுவோ அவர் சீடர்களில் ஒருவரோ வரைந்திருக்கலாம் என்பது இவருக்குத் தெரியாது. தீப்பெட்டி லேபிள்களைத் தேடிச் சேர்க்கும் வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் கலப்படமில்லாத உள்ளூர் அச்சுப்படம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? பேரலையின் நீலமே பெர்லினில் கண்டுபிடித்து ஜப்பானுக்குள் இறக்குமதியான சாயம். நம் பூஜையறைகளில் நூறு வருஷமாக இருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவலா பக்கம் மளவ்லிக்குக் கொண்டுபோன அச்சகத்தின் வம்சம். அங்கே ஓடியவை ஜெர்மன் இயந்திரங்கள், ஓட்டியவர்கள் ஜெர்மன் தொழில்நுட்பர்கள். பிற்பாடு அதை விலைக்கு வாங்கி நடத்தியவரும் ஷ்லைசர் என்ற ஜெர்மானியர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ரவிவர்மாவின் படங்கள் நாடகத்தனமானவை என்று அந்தக் காலத்திலேயே போட்டுத் தாக்கினார். செட்டிநாட்டு ஆச்சிகள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரஸ்வதியின் சேலையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி, தேக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அப்போதும் அதிகம் செலவானது சட்டத்துக்குத்தான் இருக்கும். அந்தப் படங்களை அவர்களின் பேரன்கள் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து அவை கைமாறி, இப்போது பழம்பொருள் வியாபாரிகளிடம் நல்ல விலைக்குப் போகின்றன. குழல் பார்சல்காரர் இன்னும் சில வருஷங்களில் அவற்றில் ஒன்றை லண்டனிலிருந்து வரவழைப்பார், சுங்கமும் கட்டுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே அவரைத் திருத்தப் போக வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சாமி படம் இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இறக்கித் துடைத்து அடி ஓரத்தைப் பாருங்கள். ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் அதன் கீழே கார்லா-லோனாவலா என்ற ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கலாம். இருந்தால் அப்படியே சட்டம் போடக் கொடுங்கள். அந்த ஓரத்தை மட்டும் வெட்ட விடாதீர்கள்.